வீட்டுக்கு அம்மா வந்திருக்காங்க

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சிமார் நீங்கள் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். வாசல் பலகையில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று எழுதியிருந்தாலும், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் வாயில் அது இன்றைக்கும் பிள்ளைக்காம்பராதான். நிறை பார்ப்பது, உயரம் அளப்பது, சத்துமா கரைப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. பயிற்சியில் சொல்லாமல் விட்டது காலை ஏழு மணிக்கு வாசலில் நடக்கிற விஷயம்.

ஏழு மணிக்கு ஒரு தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். பிள்ளை தலையைத் தூக்காது. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பீர்கள், சில்லென்று இருக்கும். “தூக்கக் கலக்கம் டீச்சர்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மலைக்கு ஏறிப் போய்விடுவாள். பத்து மணிக்குப் பிள்ளை கொதிக்கும். ஆறு மணிக்கே காய்ச்சல் மருந்துப் பாணியை ஊற்றித்தான் கொண்டு வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கும். நான் இரண்டு வருஷம் இப்படி ஏமாந்தேன். அப்புறம் நெற்றியை விட்டுவிட்டு வாயை மோந்து பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பாணியில் ஆரஞ்சுத் தோடம்பழ வாசம் அடிக்கும். ஒருநாள் நான் குனிவதற்கு முன்பே ஒரு தாய், “அவன் தோடம்பழம் சாப்பிட்டிருக்கான் டீச்சர்” என்றாள். லயத்து வீடுகளில் காலை ஆறு மணிக்குத் தோடம்பழம் சாப்பிட்ட பிள்ளையை நான் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன்.

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தாய்க்கும் வேறு வழி இல்லை. வீட்டில் யாரும் இல்லை, மலையில் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. பொய் சொல்கிறாள் என்று கோபப்பட்டால் நாளைக்கு இன்னும் நல்ல பொய்யாகக் கொண்டு வருவாள், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே சொல்ல வந்தது தாய்மாரைப் பற்றி அல்ல. என்னோடு வேலை செய்தவளைப் பற்றி.

அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் பொறுப்பாக இருந்தபோது செல்வராணி எனக்கு உதவியாள். முப்பது வயது இருக்கும். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாதத்தில் ஒரு தரம் வந்து போவான். ஒரே மகள் திவ்யா, நாலு வயது. அந்தப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு. பனி இறங்கினாலும் இழுக்கும், மழை பெய்தாலும் இழுக்கும். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டும் இல்லாத நாளை விரலில் எண்ணலாம்.

செல்வராணி அந்த வேலைக்கு வந்ததே பிள்ளைக்காகத்தான். அவளே என்னிடம் சொன்னாள். “மலையில நின்னா புள்ளைக்கு மூச்சு முட்டுறது எனக்கு எப்பிடி டீச்சர் கேக்கும்? இங்கன்னா செவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்தாலும் கேக்கும்.” இழுப்பு வந்த நாட்களில் பிள்ளையைக் கூட்டி வந்து, பாய்களும் சத்துமாப் பெட்டிகளும் அடுக்கியிருக்கும் பின் அறையில் படுக்க வைப்பாள். வேலையில் ஒரு குறை வராது. இருபது பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டே காதை மட்டும் பின் அறையில் வைத்திருப்பாள்.

‘நோயுள்ள பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டாம்’ என்று சுவரில் என் கையால் எழுதி ஒட்டியிருந்தேன். தாய்மார் ஒன்றும் குருடர்கள் இல்லை. “எங்க புள்ளைக்குச் சளின்னா வாசலோட திருப்பி அனுப்புறீங்க. ஆயா புள்ளைக்கு மட்டும் உள்ள பாய் போட்டுக் குடுக்குறீங்க” என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். இழுப்பு ஒட்டுகிற நோய் இல்லை என்று பதில் சொன்னேன். மருத்துவப்படி அது சரியான பதில். கேட்டவள் சமாதானமாகவில்லை.

உடன் வேலை செய்கிறவளுக்கு ஒரு சலுகை கொடுத்தால் அதைப் பகிரங்கமாகக் கொடுங்கள், மேலே கேட்டு வாங்கிக் கொடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கண்டும் காணாததுபோல் இருந்தேன். அது பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி எங்கள் நிலையத்தைப் பார்க்க வருவதாகத் தகவல். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சுவரில் ஒட்டுவதற்குக் காகிதமும் பசையும் வாங்கத் தலவாக்கலைக்குப் போனேன். பஸ் நிலையத்தில் நிற்கும்போது செல்வராணி எனக்குப் போன் எடுத்தாள். அவள் லயத்தில் சிக்னல் வராது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நின்றுதான் பேச வேண்டும். ஹட்டன் பஸ்காரன் ஹோர்னை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

“டீச்சர், வீட்டுக்கு அம்மா வந்திருக்காங்க” என்றாள். “நாளைக்கு வரட்டுமா, வேணாமான்னு கேக்கத்தான் எடுத்தேன்.”

பூண்டுலோயாவில் இருக்கிற அவளுடைய அம்மா வந்து கொஞ்ச நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக ஒரு பேச்சு இரண்டு வாரமாக இருந்தது. அதிகாரி வருகிற நாளில் உதவியாள் இல்லாமல் நான் என்ன செய்வது?

“அம்மா வந்தா நல்லதுதானே” என்றேன். “அவங்க இருக்கிற எடத்துல ஒனக்கென்ன பயம்? அவங்க பாத்துப்பாங்க. நீ எப்பயும் மாதிரி வந்துரு.”

ஹோர்ன் மறுபடியும் அலறி அடங்கியது. அப்புறம், “அப்ப புள்ளை?” என்று கேட்டாள்.

“எப்பயும் மாதிரி வா செல்வராணி. நாளைக்கு மட்டும் என்னைய விட்டுறாத” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.

உங்களில் பாதிப் பேருக்கு இதற்குள் விளங்கியிருக்கும். அம்மை போட்டிருக்கிறது என்று லயத்தில் யாரும் சொல்வதில்லை. அம்மன் அந்த உடம்பில் வந்து இறங்கியிருக்கிறாள் என்பது நம்பிக்கை. அதனால் நோயின் பெயரைச் சொல்லாமல், ‘அம்மா வந்திருக்காங்க’ என்று மரியாதையாகச் சொல்வார்கள். நான் கிறிஸ்தவ வேதக்காரிதான், ஆனாலும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். தெரியாமல் நடந்த தப்பு இல்லை. இரண்டு அம்மாவில் எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்ட அம்மாவைக் காதில் வாங்கிக்கொண்டேன்.

கீழ்நாட்டில் என்றால் வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள், ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எங்கள் குளிருக்கு வேம்பு வராது. திங்கட்கிழமை காலையில் செல்வராணி பிள்ளையைத் தலையோடு ஒரு கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தபோது நான் கதிரையில் ஏறிச் சுவரில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“புள்ளைய எங்க டீச்சர் வைக்க?”

“பின்னால ரூம்லதான்.”

“யாரும் அந்தப் பக்கம் போகாம பாத்துக்கிறேன்.”

“சரி” என்றேன், திரும்பாமலே. அம்மா வந்திருக்கும்போது எதற்குப் பிள்ளையைத் தூக்கி வந்தாள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கையில் பசை காய்ந்துகொண்டிருந்தது.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். சிங்களப் பெண், பேச்சில் மென்மையானவர். தொட்டில்களைப் பார்த்தார், நிறைப் புத்தகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். நான் பூரித்துப்போய் நிற்கும்போது பின் அறையின் கதவைத் திறந்தார். கம்பளிக்குள் உட்கார்ந்திருந்த திவ்யாவின் முகம் முழுக்கக் கொப்புளம்.

“மெயாட்ட மொகத வெலா?” என்று கேட்டார். இந்தப் பிள்ளைக்கு என்ன?

“மம தன்னே நே, மிஸ்” என்றேன். எனக்குத் தெரியாது. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் சொல்லாமல் கொண்டு வந்திருக்கிறாள் என்றும் சொன்னேன்.

செல்வராணி எனக்குப் பின்னால்தான் நின்றாள். கொழும்பில் வீட்டு வேலை செய்தவள், சிங்களம் என்னைவிட நன்றாக விளங்கும். என்னை ஒரு தரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பிள்ளையைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த டொக்டர் ஐயாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து கைக்குழந்தைகளைத் தனியாக எடுக்கச் சொன்னார். முன் விறாந்தையைத் தடுத்துத் தொட்டில்களை அங்கே மாற்றினேன். மலைக்குச் சொல்லி அனுப்பி, கைக்குழந்தைக்காரிகள் ஆறு பேரையும் இறக்கினேன். புஷ்பம் என்ற பெண்ணின் குழந்தைக்கு நாலு மாதம்தான், பிறந்தபோதே நிறை குறைவு. அவள் கூடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். எல்லாரிடமும் என்ன பார்க்க வேண்டும், எப்போது டிஸ்பென்சரிக்கு வர வேண்டும் என்று நிதானமாகச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து மூன்று பெரிய பிள்ளைகளுக்கு வந்தது, இறங்கியும் விட்டது. புஷ்பத்தின் குழந்தைக்கு வரவில்லை. அன்றைக்கு அதிகாரி போகும்போது, நெருக்கடியை நன்றாகச் சமாளித்தீர்கள் என்று பாராட்டினார்.

பாராட்டின் சூட்டோடு அன்று பிற்பகலே தோட்டத்து மனேஜர் துரைக்கு அறிக்கை எழுதினேன். ‘எனக்கு அறிவிக்காமல்’ என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வந்தது. வியாழக்கிழமை முடிவு வந்தது. செல்வராணி அடுத்த வாரத்திலிருந்து மலைக்கு, கொழுந்தெடுக்க.

வெள்ளிக்கிழமை சாவி கொடுக்க வந்தாள். பக்கத்து லயத்து அக்கா ஒருத்தியைக் கெஞ்சிப் பிள்ளைக்குக் காவலாக வாசலில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். உள்ளே வரவில்லை, படியில் நின்று சாவியை நீட்டினாள். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

“ஏன் செல்வராணி, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே டீச்சர்.”

“என்ன சொன்ன?”

“அம்மா வந்திருக்காங்கன்னு சொன்னேன். நீங்கதான், அவங்க பாத்துப்பாங்க, பயப்படாம வான்னு சொன்னீங்க. வேதக்காரங்க, அவங்களே இம்புட்டு நம்பிக்கையா சொல்றாங்களேன்னு நெனச்சுக்கிட்டேன். அம்மா வந்த வீட்டுக்குள்ள வேற யாரும் வர மாட்டாங்க. புள்ளைய யார்கிட்ட விடுறது? எப்பயும் மாதிரி வான்னு சொன்னதால தூக்கிட்டு வந்தேன்.”

“ஒங்கம்மா பூண்டுலோயாவுல இருந்து வரலையா?”

“எங்கம்மாவா? அவங்களுக்குக் கால் வீங்கிப்போய்க் கெடக்கு. எங்க வர்றது?”

“அப்ப அந்த மிஸ்கிட்ட ஏன் நீ வாயத் தொறக்கல?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “நீங்க தெரியாதுன்னு சொன்னப்பறம் நான் எப்பிடி டீச்சர் சொல்றது? நீங்க பொய் சொல்றீங்கன்னு ஆயிருமே. வயசான காலத்துல ஒங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு?”

நாலு நாளாக நான் அவளைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு நாளாக அவள் என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்காமல் வேலையை விட்டிருக்கிறாள். என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்ட நாள் வேறில்லை. நடந்ததை அந்த இடத்திலேயே சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்பிடியா டீச்சர்” என்றாள். நம்பினாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உடனே துரையிடம் ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதற்கு யார் என்ன செய்ய முடியும், அவளும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம், தோட்டத்தில் பேசி ஓய்ந்த விஷயத்தை எதற்குக் கிளப்புவது என்று சனி ஞாயிறு முழுவதும் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். திங்கட்கிழமை டொக்டர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊசி போடும் சாமான்களைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“நோயாளி வயித்து வலின்னு சொல்றான். நான் தலைவலின்னு கேட்டுட்டு மருந்து குடுக்கிறேன். தப்பு யாருமேல டீச்சர்?”

“உங்க மேலதான்.”

“அவன் தெளிவா சொல்லியிருக்கலாமே?”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல மனுஷன், புத்தி சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அன்றைக்கே இரண்டாவது கடிதத்தை எழுதி ஒபிசுக்குக் கொண்டுபோனேன். துரை இளம் ஆள், சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும். இரண்டு தரம் வாசித்தார்.

“அப்ப டீச்சர், அம்மான்னா ரெண்டு அம்மாவா?”

“ஆமா சார்.”

“நான் தப்பா கேட்டா சரி. நீங்க எப்பிடி?”

“கேக்கல சார். அடுத்த நாள் வேலைய நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை ஒபிசில் என் பெயரில் இருக்கும் கோவையில் போடுவதாகவும், செல்வராணி விரும்பினால் பழைய இடத்துக்கே வரலாம் என்றும் சொன்னார். என் கோவையில் இருந்த ஒரே எச்சரிக்கை அதுதான். இப்போது நினைத்தால் மற்றக் காகிதங்களைவிட அது பெறுமதியானதாகத் தெரிகிறது.

பகல் நிறுவைக்குப் பெண்கள் மலையிலிருந்து இறங்குகிற நேரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். செல்வராணி வரிசையில் நின்றாள். தலையில் கொழுந்துக் கட்டு, கால் முழுக்கச் சேறு. கையெல்லாம் கீறல், பழக்கமில்லாத கை. எல்லாருக்கும் கேட்கும்படி, “தப்பு என்னோடது. துரைகிட்ட எழுதிக் குடுத்துட்டேன். நாளையில இருந்து நீ பழைய வேலைக்கு வரலாம்” என்றேன். உண்மையில் எனக்கு அழுகை வந்தது. அவள் கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“எழுதிக் குடுத்தீங்களே, அதுவே பெருசு டீச்சர்” என்றாள். “ஆனா நான் இங்கயே இருந்துக்கிறேன்.”

“புள்ளைக்கு இழுப்பு வந்தா?”

“இப்பைக்குப் பக்கத்து லயத்து அக்கா வாசல்ல இருக்காங்க. நல்லானதும் புள்ளக்காம்பராவுக்கு அனுப்புறேன், எல்லாப் புள்ளையும் மாதிரி.”

“அப்ப ஏன் நீ வரமாட்டேங்கிற?”

அவள் முகத்தில் கோபமில்லை. கணக்குப் பார்த்து முடித்தவள் மாதிரிப் பேசினாள். “இங்க கங்காணி தெரியாதுன்னு சொன்னா, தெரியும்னு சொல்ல நாங்க இருவது பேரு நிக்கிறோம் டீச்சர். அங்க நீங்களும் நானும் மட்டுந்தானே?”

நான் திரும்பி நடந்தேன். நானே போய் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவேன் என்ற நினைப்பில் வந்திருந்தேன். பிள்ளையின் மூச்சுச் சத்தம் காதில் விழ வேண்டும் என்பதற்காக ஒரு வேலையைத் தேடி வந்தவள் அவள். அதையே விடும்படி செய்திருக்கிறது என் வாயிலிருந்து வந்த ஒரு ‘தெரியாது’. ஆகவே தங்கச்சிமாரே, யார் வந்து என்ன கேட்டாலும் அந்தச் சொல்லை வெளியே விடுவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதிகாரி அரை நிமிஷம் காத்திருப்பார். ஒன்றும் குடி முழுகிப்போகாது.

திவ்யாவுக்கு உடம்பு தேறி, மற்றப் பிள்ளைகளோடு வரத் தொடங்கினாள். செல்வராணி தினமும் ஏழு மணிக்கு வாசல்படிக்கு வெளியே நின்று பிள்ளையைக் கொடுப்பாள். உள்ளே காலெடுத்து வைப்பதில்லை. புதிதாக வந்த உதவியாள் வாங்கிக்கொள்வாள்.

பெருமழை பிடித்த ஒரு காலையில் பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு வந்தாள். பிள்ளையின் மூச்சு ஏறி இறங்குவது படியில் நின்ற எனக்கே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் புஷ்பம் குழந்தையோடு நின்றாள். நோயுள்ள பிள்ளைகள் வேண்டாம் என்று சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை.

“நேத்து பொழுது சாய இழுப்பு தொடங்குச்சு டீச்சர்” என்றாள் செல்வராணி, ஒவ்வொரு சொல்லாக. “காச்சல் இல்ல. கொப்புளம் இல்ல. அம்மா இல்ல. இழுப்பு மட்டுந்தான். டொக்டர் ஐயா குடுத்த மருந்த ஆறு மணிக்குக் குடுத்தேன். உள்ள எடுப்பீங்களா, மாட்டீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையை நீட்டிப் புஷ்பத்தைப் பக்கத்தில் இழுத்தாள்.

“டீச்சர் என்ன சொல்றாங்கன்னு நீயும் கேட்டுக்க.”

புஷ்பத்துக்கும் கேட்கும்படி, “எடுக்கிறேன்” என்றேன்.